ரயில்வே கேட் வரைக்கும்

பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை ஓடவிட்டதும் எழுந்த தூசி கருகும் வாசனை, யுத்த காலத்து அரியலூர்க் கடைத்தெருவுக்கு என்னை இழுத்துப் போய்விட்டது. அங்கே ரத்தினம் அண்ணன் மாடியில் ஸ்பீக்கர் குழாய் கட்டி, இசைத்தட்டுகளுக்கு நடுவே ஜவுளிக்கடை, எண்ணெய்க்கடை விளம்பரங்களைப் பாடாத குறையாகச் சொல்வார். ஊரார் அதை ரேடியோ ஸ்டேஷன் என்றே மதித்தார்கள்.

பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போய்த் தகவலே இல்லாத மகனைக் கூப்பிடச் செந்துறையிலிருந்து செல்லம்மாள் வருவாள், ஆடி மாதத்தில் மட்டும்.

"மேக்காத்து அடிக்குது தம்பி. இப்ப சொன்னாத்தான் கெழக்க போய்ச் சேரும்."

அண்ணன் மறுக்காமல், புடவைக்கும் கடலை எண்ணெய்க்கும் இடையே, "மாணிக்கம், ஒங்கம்மா தேடுது, வந்துடுப்பா" என்பார்.

ஒருநாள் லைசென்ஸ் கேட்டு அதிகாரி வந்தார். பின்னாளில் ரேடியோ லைசென்ஸ் சோதிக்கும் என் உத்தியோகத்தில் நானும் அதையேதான் கேட்டேன்.

"ஸ்டேஷன் நடத்துறியா?"

"ஐயோ, வெறும் குழாய்ங்க சார். ரயில்வே கேட்டைத் தாண்டாது."

விதிப்படி அப்பழுக்கற்ற பதில். அதிகாரி திருப்தியாகப் போய்விட்டார். படியில் நின்றிருந்த செல்லம்மாள்தான், "அப்ப அவனுக்குக் கேக்கவே இல்லியா?" என்றாள்.

அதன்பின் அவள் வரவில்லை. அடுத்த ஆடியிலும் காற்று கிழக்கே வீசியது. புடவைக்கும் எண்ணெய்க்கும் இடையே, யாரும் கேட்காமலே, அண்ணன் மாணிக்கத்தைக் கூப்பிட்டார்.