உரக்கடைக் கிடங்கில் இங்கிலீஷ்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்கு முதல் தகுதி, அந்த மொழியிடம் நன்றாக உதை வாங்கியிருப்பது. என்னிடம் அது தாராளமாக இருக்கிறது, இதைப் படிக்கிற உங்களிடமும் இருக்கும் என்று நம்புகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மீதிப் படிப்பு முழுக்கத் துண்டறிக்கை. நாற்பது வருஷம் சங்கக் கொடி பிடித்தேன். என்னோடு சிறைக்கு வந்தவர்கள் சிலர் இன்று காரில் போகிறார்கள். என்னைப் பார்த்தால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். நான் வில்லியனூரில் ஞாயிறுதோறும் உழைக்கிற பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தருகிறேன். எங்களில் யார் உருப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அது யார்?

நான் மில்லில் இருந்தபோது ஒரு நாள் கையில் இங்கிலீஷ் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். மேனேஜ்மென்ட், சர்வீஸ், டிஸ்மிஸ் எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். துண்டறிக்கையில் நானே எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! கடிதத்தின் கீழே மேனேஜர் பெயர் இருந்தது. ஆக, மேனேஜரை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று முடிவுகட்டி, வாசலில் பத்துப் பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

இடையில் யூ, ஆர், ஃப்ரம் என்று சில பொடிச் சொற்கள் கிடந்தன. அவற்றை நான் மதிக்கவில்லை. கணக்குப் பிரிவு குமாஸ்தா ஒருவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். என் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்: "யூன்னு போட்டிருக்கே, அது நீதான்யா."

பாதி காணோம்

வகுப்புக்கு இடம் தந்தவர் உரக்கடை தனபால். முதலாளி வர்க்கத்தோடு நான் செய்துகொண்ட ஒரே சமரசம் அவருடைய கிடங்குதான். யூரியா மூட்டைதான் பெஞ்சு. அங்கே ஒரு ஞாயிறு காட்டேரிக்குப்பத்திலிருந்து அம்சவல்லி வந்தாள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷ வேலை. கூடவே சுனிதா என்று ஒரு பெண், ஜார்க்கண்டிலிருந்து காண்டிராக்டில் வந்தவள். ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அம்சவல்லி கையில் குற்றச்சாட்டு மெமோ. ஷிஃப்ட் நடக்கும்போது காரணம் இல்லாமல் இயந்திரத்தை விட்டுவிட்டு வெளியே போனாளாம். வேலையே போகும் அளவுக்குக் குற்றம். விசாரிக்க வந்தவர் பெங்களூர் வக்கீல், தமிழ் தெரியாது. இவள் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பவர் கம்பெனியின் எச்.ஆர். ஆபீசர்! முதல் விசாரணையில், "மிஷினை நிறுத்திட்டு, லைன் லீடர்கிட்ட சொல்லிட்டு, அப்புறமாத்தான் வெளியே போனேன்" என்று சொல்லியிருக்கிறாள். பதிவில் இருந்தது மூன்றே சொல்: ஐ வென்ட் அவுட்.

அடுத்த விசாரணைக்கு நான்கு வாரம் இருந்தது. "வேற ஆளை வெச்சு மொழிபெயர்க்கச் சொல்லி மனு போடலாம்" என்றேன். போட்டோம், பதிலே இல்லை. அவள் அதை எதிர்பார்த்தவள்போலச் சொன்னாள்: "என் வாயிலேர்ந்து போறது அந்த ஆளு வாய் வழியா வர்றப்போ பாதி காணாமப் போவுது தோழர். நானே பேசிடுறேன், கத்துக்குடுங்க."

கோஷம்

எனக்குத் தெரிந்தது ஒரே பாடமுறை. ஒரு வாக்கியத்தில் பெரிய சொற்கள் தலைவர்கள் மாதிரி மேடையில் உட்கார்ந்துகொள்ளும். பந்தல் போட்டு, நாற்காலி தூக்கி, ஆள் திரட்டுவதெல்லாம் சின்னச் சொற்கள். ஐ, ஷீ, தெம் ஆளைச் சொல்லும். அட், அவுட், வித் அந்த ஆள் எங்கே, யாரோடு என்று சொல்லும். தென், ஸ்டில், தேர் நேரத்தையும் இடத்தையும் சொல்லும். இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் நிற்காது. கோத்துச் சொல்ல வேண்டும். கோத்துச் சொல்ல எனக்குத் தெரிந்த வழி கோஷம்.

நான் "ஐ வாஸ் தேர்!" என்பேன். பெண்கள் கையை உயர்த்தி "வித் தெம்!" என்பார்கள். "ஷீ கேம் பேக்!" "டு அஸ்!" மூட்டை அடுக்கெல்லாம் அதிரும். மூன்றாவது வாரம் தனபால் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்: "பாகூர்லேர்ந்து டிஏபி உரம் வாங்க வந்தவன், கடையில ஸ்டிரைக்குன்னு திரும்பிப் போயிட்டான். கொஞ்சம் மெதுவா இங்கிலீஷ் பேசுங்கய்யா!"

விட்டுப்போன ஆள்

நான்காவது வாரம் சம்பவத்தை நடித்துப் பார்த்தோம். மூட்டை அடுக்குதான் இயந்திரம். தராசுதான் லைன் லீடர். கிடங்கு வாசல்தான் கம்பெனியின் தண்ணீர்க் குழாய். அம்சவல்லி மூட்டை அருகில் நின்று, "ஐ வாஸ் அட் த மிஷின்" என்றாள். தராசிடம் போய், "ஐ டோல்ட் ஹிம் ஃபர்ஸ்ட்" என்றாள். அருமை! வாசலை நோக்கி நடந்து, "தென் ஐ வென்ட் அவுட்" என்று நிறுத்திவிட்டாள்.

"எதுக்குப் போனே? யாரோட போனே? அது இல்லாம வாக்கியம் நொண்டுது" என்றேன். மறுபடி நடந்தாள், மறுபடி அதே இடத்தில் நிறுத்தினாள். நான்கு முறை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான்கு வாரம் தொண்டை கிழியக் கத்தியது இதற்குத்தானா என்று, பத்துப் பெண்கள் முன்னால் அவளைத் திட்டித் தீர்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர, சொல்லவில்லை.

அப்போது ஓரத்திலிருந்து சுனிதா எழுந்து வந்து, வேலையிடத்தில் கற்ற தமிழில் சொன்னாள். சம்பவத்தன்று உலைபோல் கொதித்த பேக்கிங் கூடத்தில் மயங்கி விழுந்தவள் அவள்தானாம். அம்சவல்லி தாங்கிப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பெயர் வெளியே வந்தால், உடம்புக்கு முடியாத ஆள் என்று காண்டிராக்டர் சுனிதாவை ஊருக்கு அனுப்பிவிடுவான். அதனால் பதினோரு வருஷ வேலையைப் பணயம் வைத்து ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அதை மக்குத்தனம் என்று திட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதல்ல. சுனிதா அம்சவல்லியின் கையைப் பிடித்து உலுக்கினாள்: "வித் மீ, அக்கா. சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்றேன்."

வாட்ச்மேன்

விசாரணை நாளில் என்னை உள்ளே விடவில்லை. வெளியாள் என்றார்கள். கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடையில் நின்றேன். எத்தனையோ கேட்டுகளை இழுத்து மூடவைத்தவன் நான். அன்று பெட்டிக்கடைக்காரரிடம் மூன்று முறை மணி கேட்டேன்.

அரை மணி நேரம் போயிற்று. பிறகு ஜன்னல் வழியாக ஒரு குரல், கிடங்கில் நான் சொல்லிக்கொடுத்த அதே உச்சத்தில் வந்தது: "ஷீ வென்ட் அவுட் வித் மீ! ஐ ஃபெல் டவுன் தேர்! ஷீ வாஸ் வித் மீ!" சாட்சி சொல்ல வந்த சுனிதா. அதைத் தொடர்ந்து அம்சவல்லி, எழுதியதைத் தனக்குப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அதே சத்தத்தில். மெதுவாகப் பேசும் இங்கிலீஷும் உண்டு என்பதை நான் சொல்லித்தர மறந்துவிட்டேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன் பதறி எழுந்து என்னைப் பார்த்தார்: "இன்னா பெருசு, வெளியே நின்னுகினே உள்ள ஸ்டிரைக்க ஆரம்பிச்சிட்டியா?"

எங்கே அவள்?

வக்கீல் நேர்மையானவர். ஒவ்வொரு வாக்கியமும் யார், எங்கே, யாரோடு என்று முழுசாகப் பதிவானது. அம்சவல்லி வேலை தப்பியது. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். ஆனால் மறுநாளே காண்டிராக்டர் சுனிதாவை வரவேண்டாம் என்றான்.

அம்சவல்லியிடம் பாடம் கேட்ட பேக்கிங் பெண்கள் கோஷம் போடவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. காண்டிராக்டரின் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் ஒருத்தி தலையை நிமிர்த்தி, "வேர் இஸ் ஷீ நவ்?" என்பாள். பத்தடி தள்ளி இன்னொருத்தி. திரும்பி வரும்போது வேறொருத்தி. நான்கு நாள் தாங்கினான். ஐந்தாம் நாள் சுனிதா காற்றாடிக்குக் கீழே இருக்கும் மேஜையில் வேலை செய்தாள். அந்த ஞாயிறு அவளும் அம்சவல்லியும் எச்சரிக்கைக் கடிதத்தோடு வந்தார்கள். பதில் எழுத நான் பேனாவைத் திறந்ததும், அம்சவல்லி அதை வாங்கிக்கொண்டாள்: "நீங்க எழுதினா திட்டித்தான் எழுதுவீங்க தோழர். நீங்க ஒக்காருங்க, நாங்க எழுதுறோம்."

முதலாளித்துவம், ஏகாதிபத்தியம், வர்க்க எழுச்சி என்று நான் நாற்பது வருஷம் முழங்கியும் திறக்காத ஒரு கேட், இந்தப் பொடிச் சொற்களுக்குத் திறந்துகொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான் என்றாலும், அந்தக் கேட் என்னிடம் இதற்கு ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்திருக்கலாம்.