அக்கா பேசிய இங்கிலீஷ்

எங்கள் அக்கா ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவள் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்த அன்று தென்காசியில் எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

ராயகிரியில், கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து மறுபடியும் ஓடிவந்திருந்தாள். முதுகெல்லாம் பெல்ட் அடித்த தடம். "அங்கன அனுப்பாதிய அப்பா" என்று காலைப் பிடித்து அழுதாள். அப்பாவுக்கு மகளைவிட மானம் பெரிது. "வாழாவெட்டின்னு பேரெடுக்கவா? காலைல கெளம்பு" என்றுவிட்டார்.

விடிந்தபோது அக்காவின் பார்வை நிலைகுத்திப் போயிருந்தது. எதைக் கேட்டாலும் "டன்னோ" என்றாள். தண்ணீருக்கு "கிம்மி" என்று கையை நீட்டினாள். எட்டாவது படித்த எனக்கு "ஐ டு நாட் நோ" தெரியும். பிரம்படி பட்டு உருப்போட்ட இங்கிலீஷ் அது. இதுவோ சொற்களைப் பாதி மென்று துப்புகிற இங்கிலீஷ். சீசனுக்குக் குற்றாலம் வரும் எஸ்டேட் துரைகள் தங்களுக்குள் அப்படிப் பேசிக் கேட்டிருக்கிறேன். குரலும் கட்டையாக, ஆண்குரலாக இருந்தது.

துரைப்பேய் பிடித்திருக்கிறது என்று தெரு முடிவு கட்டியது. ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். சாரலில் மத்தியானமே இருட்டிக் கிடந்தது. பேயோட்டும் கோடாங்கி அக்காவை அருவியில் நிறுத்தி, வேப்பங்குழையால் அடித்து, "என்ன வேணும்னு சொல்லிட்டு எறங்கிப் போயிரு" என்றார். பேய் கேட்டதைத் தருவதாகக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தால், பிறகு மீறக் கூடாது. மீறினால் வீட்டில் ஓர் உயிர் போகும் என்பார்கள்.

அக்கா அருவிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். "டோன்வான்னா கோ ராயகிரி!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் பெரிய இங்கிலீஷ் பண்டிதை நான்தானே.

"ராயகிரிக்குப் போக மாட்டாவளாம்" என்றேன். பேய்க்கு மரியாதை தானாக வந்துவிட்டது.

மகள் அழுதபோது அசையாத அப்பா எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "அனுப்ப மாட்டேன் துரை, சத்தியம்" என்றார். அக்கா அப்படியே சரிந்தாள். எழுந்தபோது பழைய அக்காவாக இருந்தாள்.

சொன்ன சொல்லை அப்பா கடைசிவரை காப்பாற்றினார். சில வருஷங்கள் கழித்து, இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"யக்கா, அந்த இங்கிலீஷ எங்கன படிச்ச?"

அவள் கை நின்றது. நான் கேலி செய்கிறேனா என்று என் முகத்தையே பார்த்தாள்.

"இங்கிலீஷா? ஏட்டி, வீட்ல சொன்னதத்தான அருவிலயும் சொன்னேன். ரெண்டும் தமிழ்தான். அன்னைக்குத்தான் ஒங்க காதுல விழுந்துச்சு."