மைக்கம்மா கேட்ட சின்னக் கேள்வி

மைக்கை அவர் யார் கையிலும் கொடுப்பதில்லை. கேள்வி கேட்பவரின் வாய்க்கு நாலு விரல் தள்ளி, தானே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேட்பவர் நெட்டை என்றால் இவர் கை மேலே போகும். உட்கார்ந்தபடியே கேட்பவர் என்றால் இடுப்பு வளையும். ஒரு நாள், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மைக்கை வாங்கிக்கொள்ளப் பார்த்தார். "நீங்க பேசுங்க சார், நான் புடிச்சுக்கறேன்" என்றார் மைக்கம்மா, பிடியைத் தளர்த்தாமல். பேராசிரியர் பேசினார். ஏழு நிமிடம் பேசினார். கடைசி வரை அதில் கேள்வி என்று ஒன்று வரவேயில்லை.

"கையில குடுத்தா போச்சுங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார். "அடுத்த வீட்டுக் குழந்தையத் தூக்கின மாதிரி வச்சுக்கிட்டுக் கொஞ்சுவாங்க. திருப்பி வாங்கறதுக்குள்ள நம்ம உயிர் போயிடும்."

பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகள் துறை என்று ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் அதன் அரங்கில் பொதுக்கூட்டம். தூதர்கள் வருவார்கள், முன்னாள் அமைச்சர்கள் வருவார்கள், புத்தகம் எழுதியவர்கள் வருவார்கள். மேடையில் இருப்பவர்கள் முக்கால் மணி நேரம் பேசியதும் கீழே இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்வி நேரத்தில் மைக்கோடு நடப்பவர் இவர். நாற்காலி போடுவது, பெயர்ப் பலகை அடிப்பது, தண்ணீர் வைப்பது, வந்தவர்களை எண்ணித் துறைத்தலைவர் அறைக்குச் சொல்வது எல்லாமும் இவர்தான். பதவிக்கு நிகழ்ச்சி உதவியாளர் என்று பெயர். அந்தப் பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் மைக்கம்மாதான்.

வயது ஐம்பத்து மூன்று. இந்த அரங்கில் பத்தொன்பது வருஷம். பாதம் வீங்கும் என்பதால் ஒரு அளவு பெரிய செருப்பு. நாலாவது வரிசைக்குப் பக்கத்தில் மரத்தரை முனகும். அந்த இடம் வந்ததும் கால் தானாக அதைத் தாண்டிவிடும். பழைய மூக்குக்கண்ணாடிக் கூட்டில் கண்ணாடி இல்லை, மைக்குக்கான பேட்டரிகள் இருக்கின்றன. மாலையில் வீட்டுக்குப் போனால், லிப்ட் பழுதுபார்க்கும் கணவர் தினமும் ஒரே கேள்வியைக் கேட்பாராம்: "இன்னிக்கு எந்த நாட்டுச் சண்டையத் தீர்த்து வச்ச?" இவரும் ஒரே பதிலைச் சொல்வாராம்: "தீர்க்கல. ஒத்தி வச்சிருக்கோம்."

நான் ஒரு பத்திரிகைக்குக் குறிப்பு எழுத அங்கே போய்வருகிறவன். மேடையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த பிறகு இவரைப் பார்க்க ஆரம்பித்தேன். எந்தப் போர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை இவர் போடும் நாற்காலிகளை வைத்தே சொல்லிவிடலாம். "ஆரம்பிச்ச வாரம் பாத்தீங்கன்னா படிக்கட்டுல எல்லாம் உக்காந்திருப்பாங்க. மூணு மாசம் போனா பாதி. ஒரு வருஷம் தாண்டிடுச்சுன்னா பதினோரு பேரு. அதுல ரெண்டு பேரு வெயிலுக்கு ஒதுங்கினவங்க." சிரிக்காமல்தான் சொன்னார்.

அவருடைய தம்பி சரக்குக் கப்பலில் சமையல்காரர் என்பது அத்தனை வருஷத்தில் துறையில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. போன வருஷம் அந்தக் கப்பல் சரக்கு இறக்கப் போன துறைமுகத்தில், அந்நாட்டு அரசாங்கம் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. கப்பல் முதலாளிக்கும் அரசாங்கத்துக்கும் வழக்கு. முதலாளி கையை உதறிவிட்டுப் போய்விட்டார். கப்பலில் இருந்த பதினாலு பேரும் இறங்க முடியாமல் உள்ளேயே கிடந்தார்கள். முதலில் வாரம் ஒரு தடவை தம்பி போனில் பேசிக்கொண்டிருந்தார். பத்தாவது மாதம் அதுவும் நின்றுபோனது. தம்பிக்குச் சர்க்கரை நோய். கடைசியாகப் பேசியபோது, மாத்திரை ஒரு வாரத்துக்குத்தான் வரும் என்று சொல்லியிருந்தார்.

தம்பி மனைவி தினமும் காலையில் கூப்பிடுவார். "உலகத்துல இருக்கற அத்தனை நாட்டுக்காரனும் உங்க எடத்துக்குத்தானேக்கா வர்றான். ஒருத்தர்கிட்டகூடக் கேக்க முடியாதா?" விருந்தினரிடம் சொந்த விஷயம் பேசக்கூடாது என்பது அலுவலக விதி.

"ஆபீஸ்ல சொல்லியிருக்கலாமே" என்று பின்னால் ஒரு நாள் மைக்கம்மாவிடம் கேட்டேன்.

"சொன்னா ஐயோ பாவம்னு ஒரு மூஞ்சி காட்டுவாங்க. அதுக்கு நான் ஒரு மூஞ்சி காட்டணும். அதுக்கெல்லாம் தெம்பு இல்லீங்க."

தம்பியிடமிருந்து தகவல் இல்லாமல் நாற்பது நாள் ஆனபோது ஒரு புதன்கிழமைக் கூட்டம் வந்தது. கடல் வழிகளில் அமைதி என்று தலைப்பு. பேச வந்தவர்களில் ஒருவர், கப்பலைப் பிடித்து வைத்திருக்கும் அதே நாட்டின் தூதரகத்தில் இரண்டாம் இடத்தில் இருக்கும் அதிகாரி. அவருடைய பெயர்ப் பலகையை மைக்கம்மாதான் அடித்தார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தார். கோபம் வரவில்லையா என்றதற்கு, "பேர் மேல என்னங்க கோபம்? தப்பா அடிச்சா எனக்குத்தானே அசிங்கம்" என்றார்.

கூட்டத்துக்கு அரை மணி முன்னால் துறைத்தலைவர் அரங்குக்கு வந்தார். நல்ல மனிதர், எப்போதும் தூக்கம் போதாதவர் மாதிரி இருப்பார். "பிடிச்சு வச்ச கப்பலைப் பத்தி யாரும் கேக்க வேண்டாம்னு தூதரகத்துல சொல்லியிருக்காங்க. அந்த மாதிரி ஆளுன்னு தோணினா அந்தப் பக்கம் கொஞ்சம் மெதுவா போங்க" என்றார்.

"சரிங்க சார்."

மெதுவாகப் போவது அவருக்குப் புதிதில்லை. யார் கையை உயர்த்தினாலும் மைக் போய்ச் சேர்ந்தால்தான் கேள்வி. அவர் இடது பக்கம் போனால் வலது பக்கத்தின் நேரம் தீர்ந்துவிடும். பத்தொன்பது வருஷத்தில் தலைவர்கள் சொல்லி எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறார். "எத்தனை பேரு கையத் தூக்கிக்கிட்டே இருந்திருப்பாங்க. கண்ணுல படாத மாதிரியே தாண்டிப் போயிருக்கேன்" என்றபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று நான் ஆறாவது வரிசையில் இருந்தேன். அதிகாரி, இங்கே வந்து கற்றுக்கொண்ட தமிழிலேயே நன்றாகப் பேசினார். கடல் எல்லோருக்கும் பொது என்றார். மூன்று கேள்விகள் வந்தன. மூன்றுக்கும் வழவழவென்று பதில் வந்தது. கூட்டத்தை நடத்திய பேராசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, "கடைசியாக ஒரே ஒரு கேள்வி" என்றார். ஐந்தாறு கைகள் உயர்ந்தன. மைக்கம்மா எந்தக் கையை நோக்கியும் நடக்கவில்லை. நடுப்பாதையில் நின்று, மைக்கைத் தன் வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஹலோ... ஹலோ... ஒண்ணு, ரெண்டு" என்றார்.

பழக்கதோஷம். அதுவரை அந்த மைக்கில், அதைச் சோதிப்பதற்காக அவர் சொன்ன வார்த்தைகள் அவை மட்டும்தானே. சபையில் சிலர் சிரித்தார்கள். அவர் காது வரை சிவந்து, பிறகு ஆரம்பித்தார்.

"ஐயா, நான் இங்க வேலை பாக்கறவ. உங்க துறைமுகத்துல நிக்கற கப்பல்ல என் தம்பி சமையல்காரன். எப்ப விடுவீங்கன்னு நான் கேக்கல. வழக்கு நடக்குதுன்னு சொல்லுவீங்க. அவனுக்குச் சர்க்கரை. மாத்திரை தீர்ந்து முப்பது நாளுக்கு மேல ஆயிருக்கும். நான் வாங்கிக் குடுக்கறேன். அதை யார்கிட்ட குடுத்தா அவன் கைக்குப் போகும்? அது மட்டும் சொல்லுங்க."

துறைத்தலைவர் எழுந்து, பிறகு என்ன நினைத்தாரோ, உட்கார்ந்துவிட்டார். அதிகாரி மேஜைமேல் கைகளைக் கோத்துக்கொண்டார். "இது பல கோணங்கள் உள்ள ஒரு..." என்று தொடங்கினார். மைக்கம்மா மைக்கைப் பிடித்தபடியே நின்றார். அதிகாரி நிறுத்தினார். பிறகு, "எனக்குத் தெரியவில்லை அம்மா" என்றார். "விசாரித்துச் சொல்கிறேன்."

கைதட்டல் எல்லாம் இல்லை. பேராசிரியர் அவசரமாக நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்தார். மைக்கம்மா மைக்கை அணைத்து, துடைத்து, பெட்டியில் வைத்தார். பெட்டியின் தாழ்ப்பாள் மூன்று தடவை நழுவியது. அதிகாரியோடு வந்திருந்த ஒரு இளம்பெண் பக்கத்தில் வந்து, தம்பியின் பெயரையும் மாத்திரையின் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

"ஏன் மாத்திரையோட நிறுத்திட்டீங்க? விடுதலையையே கேட்டிருக்கலாமே" என்று வெளியே வைத்துக் கேட்டேன்.

"பெரிய கேள்விக்குப் பெரிய மனுஷங்க அழகா பதில் சொல்லிடுவாங்க. நான் எத்தனை பாத்திருக்கேன். சின்னதா கேட்டாதான் முழிப்பாங்க" என்றவர், சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்குக் கால் ரொம்ப வலிக்குதுங்க" என்றார்.

மறுநாள் தலைவர் அறையில் விசாரணை. அங்கே பேசிய வார்த்தைகளை மைக்கம்மாவே சொல்லக் கேட்டேன்.

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா கேக்க விட்டிருப்பீங்களா சார்?"

தலைவர் சன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "மாட்டேன்" என்றாராம். பொய் சொல்லவில்லை. அதற்காக அவரை இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது என்கிறார் மைக்கம்மா. மூன்று நாளுக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று ஒரு கடிதம் வந்தது. இவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: தம்பிக்கு உடம்பு சரியில்லாததால் கேட்டேன். அதற்கு மேல் நடவடிக்கை ஒன்றும் வரவில்லை. ஆனால் முக்கியமான விருந்தினர் வரும் நாட்களில் மைக் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இவருக்கு வாசலில் ஒரு மேஜை. வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்தக் கூட்டம் நடந்து பதினாறு நாள் கழித்துத் தம்பி போனில் வந்தார். நாலு நிமிடம். துறைமுக மருத்துவர் ஒருவர் கப்பலுக்கு வந்தாராம். தம்பியை மட்டுமில்லை, பதினாலு பேரையும் பார்த்து மருந்து கொடுத்தாராம். தம்பிக்கு இடது கால் கட்டைவிரலில் ஆறாத புண் ஒன்று இருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறது. "நீ என்னக்கா பண்ண?" என்று தம்பி கேட்டதற்கு, "கேட்டேன்டா, வேற என்ன" என்றிருக்கிறார். அதன் பிறகு இரண்டு பேரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கப்பல் இன்னும் அங்கேதான் நிற்கிறது.

தம்பி மனைவி இப்போதும் காலையில் கூப்பிடுகிறார். கேள்வி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். "எப்பக்கா விடுவாங்க?" "என்னை ஏதோ மந்திரி மாதிரி நினைச்சுக்கிட்டிருக்கா" என்கிறார் மைக்கம்மா.

போன வாரம் ஒரு பெரிய கூட்டம். தூரத்து நாடொன்றில் புதிதாக ஆரம்பித்த போரைப் பற்றி. நாற்காலி போதவில்லை. மைக்கம்மா வாசல் மேஜையில் இருந்தார். நான் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர், தன் மகள் அந்த நாட்டில் ஆஸ்பத்திரி நர்ஸ் என்றும், மூன்று வாரமாகப் போன் இல்லை என்றும் யாரிடம் சொல்வதென்று தெரியாமல் மைக்கம்மாவிடம் சொன்னார். சட்டைப் பொத்தானை ஒரு துளை மாற்றிப் போட்டிருந்தார். "எனக்குக் கேக்க வாய்ப்புக் கிடைக்குமாம்மா?"

"மைக் இப்ப என்கிட்ட இல்லீங்களே" என்றார் மைக்கம்மா.

பெரியவர் தலையசைத்துவிட்டுக் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினார். மைக்கம்மா அவரையே பார்த்தார். பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, மேஜையை ஊன்றி எழுந்தார். பெரியவரின் முழங்கையைப் பிடித்து நடுப்பாதை வழியாக முதல் வரிசை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இரண்டாவது நாற்காலியில், துறைத்தலைவரின் விருந்தினருக்கு ஒதுக்கப்பட்டது என்று அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது.

"இங்க உக்காருங்க. முதல்ல கையத் தூக்கிடுங்க. ஒரு கை வலிச்சா இன்னொரு கையத் தூக்குங்க. சின்னதா கேளுங்க."

அந்தத் தாளைக் கிழியாமல் உரித்து, நாலாக மடித்து, தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.