'தேறியதும்' என்று எழுதிக் கொடுத்தேன்

குழந்தைகளே, பாலக்கரையில் நான் சைக்கிள் கடை வைத்திருந்தபோது எனக்கு அம்மை போட்டுவிட்டது. நான் எழுந்து நடமாடும்வரை கடையைப் பார்த்துக்கொள்வதாக என் மனைவியின் தம்பி சொன்னார். 'உடம்பு தேறியதும் கடையைத் திருப்பித் தருவது' என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு கடைக்குப் போனேன். மைத்துனர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"தேறிட்டீங்களா மாமா? எங்கே, இந்த டயருக்குக் காத்தடிங்க பாப்போம்" என்றார்.

பம்பை அழுத்த ஆரம்பித்ததுமே எனக்கு மூச்சு வாங்கியது.

"அதான் தலைக்கு ஊத்தியாச்சே தம்பி" என்றேன்.

"அது அம்மை இறங்குனதுக்கு. பத்திரத்துல தேறியதும்னுதானே இருக்கு?"

அந்தக் கடையை விட்டால் எங்களுக்குச் சோற்றுக்கு வழியில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி நேரே கடைக்குப் போனாள்.

"டேய், அவர் தேறணும்னா சாப்பிடணும். சாப்பிடணும்னா கடை வேணும். எதை முதல்ல தரப் போறே?"

சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனவர், பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

இப்போது எந்தப் பத்திரம் எழுதினாலும், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற அடையாளமாகப் பார்த்து எழுதுகிறேன். அன்றைக்கு 'தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள்' என்று எழுதியிருந்தால், என் பிள்ளைகளுக்கு மாமா வீடு என்று ஒன்று இருந்திருக்கும்.