மழுங்கிய கொக்கி

போலீஸ் ஆயுதக் கிடங்கில் அவளை எல்லோரும் 'ஸ்பிரிங் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கழற்றிப் போட்ட பிஸ்டலைப் பேச்சு முடிவதற்குள் பூட்டிக் கையில் கொடுத்துவிடுவாள். அங்கிருந்த பிஸ்டல்களும் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கிகளும் அவளைவிட வயதில் மூத்தவை. இரண்டுக்கும் ஒரே வகைத் தோட்டாதான். சுட்ட வேகத்தில் உள்பாகம் தானாகப் பின்னுக்குப் போய், காலித் தோட்டாவைத் துப்பிவிட்டு, திரும்பி வரும்போது அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். விசையை அழுத்தும்வரை, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலைப் பிடித்து வைத்திருப்பது நகமளவு கொக்கி ஒன்று.

பதினேழாம் நம்பர் கார்பைனில் அந்தக் கொக்கி மழுங்கிவிட்டது. புதுசு கேட்டு மூன்று முறை எழுதினாள். பதிலே இல்லை. சிவப்புத் துணி கட்டி மூலையில் சாத்தினாள்.

கருவூலக் காவலுக்குக் கூடுதல் ஆள் அனுப்ப வேண்டியிருந்த ஒரு காலையில் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"மூலையில என்னம்மா அது?"

"அது ஆகாது சார். கீழ விழுந்தாலே வெடிச்சிரும்."

"எவன் சுடப் போறான்? தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கத்தானே? குடு."

துணியை அவிழ்த்தாள். துப்பாக்கி வாங்கும் வரிசையில் அடுத்து நின்றவன் அவள் கொழுந்தன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்.

"என்ன அண்ணி, இந்தக் கிழவியைப் போயி என் தலையில கட்டுறீங்க?"

இன்ஸ்பெக்டர் அருகிலேயே நின்றார். "பத்திரம் தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

கருவூல வாசலில் ஜீப்பிலிருந்து குதித்தான். வார் நழுவிக் கார்பைன் தரையில் மோதியது. ஒரே சத்தம். முழங்கால் சிதறிப்போனது. மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்தக் காலை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

விசாரணையில் மூன்று கடிதங்களும் எந்தக் கோப்பிலும் இல்லை. வழங்கிய பதிவேட்டில் அவள் கையெழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. "துணியா? நான் எதையும் பாக்கலையே" என்று இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். அவளைத் தபால் பிரிவுக்குத் தூக்கியடித்தார்கள். மீதிக் கார்பைன்கள் பார்க்க ஆளில்லாமல் காவலுக்குப் போய் வந்துகொண்டிருந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம் கொழுந்தன் கேட்டான்.

"அண்ணி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும்."

"காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா தோட்டாவைக் கழட்டிட்டு வெறுமனே நின்னிருப்பேனே."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நாலு வருடமாகிறது. அவள் தட்டை வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறிய பிறகுதான் அவன் எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான்.