சாவு வீட்டில் அழாத அண்ணன்

என் அண்ணன் நடிகர். கண்டியில் மேடை நாடகங்களில் தொடங்கி, பிறகு சிங்களத் தொலைக்காட்சி நாடகங்களிலும் சில படங்களிலும் நடித்துப் பெயர் வாங்கினார். ராஜா, பொலிஸ்காரர், குடிகாரர், பல் போன கிழவி என்று அவர் போடாத வேஷம் இல்லை. கிழவி வேஷத்துக்கு அம்மாவின் சேலையைத்தான் எடுத்துப் போவார். ஆனால் சனங்களின் மனதில் நின்றது ஒரே ஒரு காட்சி. மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனாக, மழையில் வெறும் கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டே கதறுவார். அந்தப் படம் வந்த பிறகு பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள்கூட அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்பா ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கடைசியில் பேராதனை ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்தார். அண்ணன் கொழும்பில் படப்பிடிப்பில் இருந்தார். நான்தான் போன் எடுத்தேன்.

"அண்ணே, அப்பா ஒங்களயே கேட்டுக்கிட்டு இருக்காரு."

"இன்னும் ரெண்டு சீன்தாம்மா. முடிச்சிட்டு நாளைக்கி விடிய வந்துர்றேன்."

அன்று பின்னேரமே அப்பா போய்விட்டார். அந்த நேரம் அண்ணன் கல்யாண வீட்டுக் காட்சியில் மாப்பிள்ளையின் தகப்பனாக நடித்துக்கொண்டிருந்தாராம்.

சாவு வீட்டுக்கு, பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேர் அண்ணனைப் பார்க்க வந்தவர்கள். அவர் அப்பாவின் தலைமாட்டில் மரம் மாதிரி நின்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

"படத்துல யாரோ புள்ளைக்கு அப்படி அழுதாரு. பெத்த அப்பனுக்கு அழுக வரலையே" என்றாள் எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி. எனக்கும் அதே கோபம்தான். கருமாதி வரைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்று பாத்திரம் கழுவும் இடத்தில் தனியாக அகப்பட்டபோது கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே நீங்க அழல?"

கையில் இருந்த சட்டியைக் கீழே வைத்தார்.

"வாயத் தொறந்தேம்மா. அந்தப் படத்துல அழுத அதே சத்தம் வந்துச்சு. சுத்தி எல்லாரும் போனத் தூக்கிட்டு நிக்கிறாங்க. அப்பா முன்னாடி நடிக்கிற மாதிரி இருந்திச்சு. அடக்கிட்டேன்."



சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு பகல், கண்டியில் அவருடைய சிரிப்பு நாடகம். நானும் பார்க்கப் போயிருந்தேன். காது கேட்காத தகப்பன் வேஷம். மகளாக நடித்த பிள்ளை பின்னால் நின்று "அப்பா, அப்பா" என்று கத்துவாள். இவர் கேட்காமல் பேப்பர் படிப்பார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மூன்றாவது முறை அவள் கூப்பிட்டபோது அண்ணன் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்தினார். அது நாடகத்தில் இல்லை. பேப்பர் நடுங்கியது. சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்தில் இருந்து வசனத்தைச் சொல்லி நாடகத்தை முடித்தார்.

நான் மேடைக்குப் பின்னால் ஓடினேன்.

"கதவச் சாத்தும்மா" என்றார். கதிரையில் குனிந்து உட்கார்ந்து அழுதார். வெளியே அவரோடு நின்று படம் எடுக்க வந்தவர்கள் தட்டினார்கள். "இப்ப வர மாட்டாரு, போய்ட்டு வாங்க" என்று நான் கதவில் சாய்ந்து நின்றேன்.

அவர் எழுந்து முகம் கழுவியதும் இருவரும் பின்வாசலால் இறங்கி, அம்மாவைப் பார்க்க பஸ் ஏறினோம். அண்ணன் யன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார். ஹேவாஹெட்ட வரும் வரை நான் எழுப்பவில்லை.