பூட்டிய அலமாரிக்குக் கீல் கழற்றியவன்

நான் முட்டாள் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டாவது கருத்து கிடையாது. அண்ணாவின் மனைவியான மன்னியும் என் மனைவியும் ஒத்துப்போன ஒரே விஷயமும் அதுதான். மற்றபடி இருவரும் மைசூரில் ஒரே கூரையின் கீழ், ஒரே அடுப்பில், முறை வைத்துக்கொண்டு சமைத்தார்கள். முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். சமையலறையில் ஆளுக்கொரு மர அலமாரி. சாவி அவரவர் இடுப்பில்.

அந்த அடுப்பு மட்டும் இரண்டாகிவிடக் கூடாது என்பது அண்ணாவின் பிரார்த்தனை. தசராவுக்கு ஊரிலிருந்து அக்கா வேறு வருவதாக இருந்தாள். இரண்டு அலமாரிக்கும் ஒரே நிறம் அடித்துவிட்டால் மனசும் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது.

கொள்ளேகாலில் ஒரு கல்யாணம். இருவரும் ஒரே பஸ்ஸில், ஒருத்தி முன்னால் ஒருத்தி பின்னால் உட்கார்ந்து போனார்கள். நான் தேவராஜ மார்க்கெட் பக்கம் பெயிண்ட் கடைக்குப் போனேன். கதவைக் கழற்றி, சாமானை வெளியே எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சலவைச் சோடாத் தண்ணீரில் துடைத்த பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும் என்றார் கடைக்காரர். சாவி ஏது? பூட்டைத் தொடாமல் கீலைக் கழற்றினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். டப்பாக்களைக் கூடத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் கொலு மாதிரி அடுக்கினேன்.

திரும்பி வந்தவர்கள் கொலு பார்த்தார்கள்.

ரேஷனில் சர்க்கரையே வரவில்லை என்று எங்களுக்கு வெல்லக் காபி கொடுத்துக்கொண்டிருந்த மன்னியின் பக்கத்தில், மூன்று டப்பா சர்க்கரை. காபிப்பொடி தீர்ந்துவிட்டதென்று சிக்கரியை வடிகட்டிக் கொடுத்த என் மனைவியின் பக்கத்தில், வாய் கட்டிய காபிப்பொடிப் பொட்டலங்கள். மாதக்கணக்காக வெல்லம் போட்ட சிக்கரியைக் குடித்த வயிறு என்னுடையது. அதுதான் பேசிவிட்டது.

"ரெண்டையும் சேர்த்தா இன்னிக்காவது நல்ல காபி குடிக்கலாமே" என்றேன்.

என் மனைவி மன்னியைப் பார்க்காமல் சுவரிடம் சொன்னாள்: "சர்க்கரைக்கு எறும்பு வரும்னு தெரியும். மூடி போட்டுப் பதுக்க மனுஷாளே வருவான்னு தெரியாது."

மன்னியும் அதே சுவரிடம், "காபிக் கள்ளிக்கு வாய் பாரு" என்றாள்.

அண்ணா என்னை மட்டும் முறைத்தார்.

மறுநாள் காலை உப்புத்தாளும் கையுமாக மன்னியைத் தேடினேன். பின்கட்டில் புது ஸ்டவ்வுக்குத் திரி கோத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சர்க்கரை டப்பாக்கள்.

"மன்னி, அலமாரிக்குப் பச்சை அடிக்கட்டுமா, நீலமா?"

"உங்க சமையல்ரூம், உங்க இஷ்டம்."